சுடாத கோட்டை: நியூயார்க் துறைமுகத்தின் கேசில் கிளின்டன் குறித்த நிகழ்வு ஆய்வு

மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் உள்ள பேட்டரி பூங்காவில், செம்மணற்கல்லால் ஆன, நடுவில் திறந்த முற்றம் கொண்ட, வட்ட வடிவக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1811-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கோட்டை, பகைவர் மீது ஒரு குண்டைக்கூடச் சுடாமல், பத்தே ஆண்டுகளில் படைப்பணியிலிருந்து விடுபட்டது. அதன்பின் அது கேளிக்கை மன்றமாகவும், குடியேறிகளின் இறங்குதுறையாகவும், மீன் காட்சியகமாகவும், வேலியடைத்த இடிபாடாகவும், தேசிய நினைவுச்சின்னமாகவும் இருந்திருக்கிறது. இப்போது சுதந்திர தேவி சிலைக்குச் செல்லும் படகுகளுக்குப் பயணச்சீட்டு விற்கும் இடமாகவும் இருக்கிறது. நீர்க்கரைக் கோட்டைகள் பல ஊர்களில் கைவிடப்பட்டுப் பின்னர் வேறு பணிகளுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவைதான் என்றாலும், ஒரே மதிலுக்குள் இத்தனை பயன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய இடங்கள் அரிது.

ஒவ்வொரு பயனும் எதனால் வந்தது, எதனால் நீங்கியது, நீங்கும்போது கட்டடத்தில் எதை விட்டுச் சென்றது என்பவற்றை இந்த ஆய்வு வரிசையாகப் பார்க்கிறது. இவற்றைப் பின்தொடர்ந்து செல்பவருக்கு ஒரு முரண் தென்படும். இந்தக் கட்டடத்தை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கவைத்தவை அதன் பிற்காலப் பயன்கள். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் இறுதியில் மீட்டெடுக்கப்பட்டது, அதன் வாழ்வில் மிகக் குறுகியதும் நிகழ்ச்சி மிகக் குறைந்ததுமான படைக்காலத் தோற்றம் மட்டுமே.

போர் அச்சத்தில் எழுந்த மதில்

1807 ஜூன் 22 அன்று வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் போர்க்கப்பலான லெப்பர்டு, அமெரிக்கப் போர்க்கப்பலான செசபீக் மீது சுட்டு, அதன் மாலுமிகள் நால்வரைப் பிடித்துச் சென்றது. இந்த நிகழ்ச்சி கரையோர நகரங்களில் கிளப்பிய அச்சம் நியூயார்க்கில் கூடுதலாகவே இருந்தது. 1776-இல் பிரிட்டிஷ் படை அந்நகரைக் கைப்பற்றி 1783 வரை தன் பிடியில் வைத்திருந்ததை நேரில் கண்டவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். துறைமுகங்களைப் பலப்படுத்த நடுவண் அரசு பணம் ஒதுக்கியபோது, படையின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜொனாதன் வில்லியம்ஸ் நியூயார்க் விரிகுடாவுக்கென ஒரு கோட்டைத் தொகுதியைத் திட்டமிட்டார். கவர்னர்ஸ் தீவிலும், எல்லிஸ் தீவிலும், அன்று பெட்லோ தீவு எனப்பட்ட லிபர்ட்டி தீவிலும், மன்ஹாட்டனின் முனையிலும் அமையும் பீரங்கிகள், உள்ளே வரும் கப்பலைப் பல பக்கங்களிலிருந்தும் தாக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு.

மன்ஹாட்டன் முனைக்கான கோட்டை 1808-க்கும் 1811-க்கும் இடையில் கட்டப்பட்டது. நியூயார்க் நகர மன்றக் கட்டடத்தை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஜான் மெக்கோம்ப், வில்லியம்ஸுடன் சேர்ந்து இதன் வடிவத்தை அமைத்தார். கரையிலிருந்து சுமார் 200 அடி தள்ளி, நீருக்குள் இருந்த பாறைத்திட்டின் மீது அது எழுந்தது. கரையுடன் அதை இணைத்தது, தூக்குப்பாலம் பொருத்திய ஒரு மரப்பாதை மட்டுமே. மதிலின் தடிப்பு எட்டடி. கடல் நோக்கிய வளைவில் 28 பீரங்கிகளுக்கான துளைகளும், கரை நோக்கிய பக்கத்தில் ஒரே வாயிலும் அதை ஒட்டிய அதிகாரிகளின் அறைகளும் இருந்தன. பீரங்கிகளின் எட்டுதூரம் ஏறத்தாழ ஒன்றரை மைல்.

1812-இல் தொடங்கிய போரில் பிரிட்டிஷ் கடற்படை நியூயார்க்கின் வாணிபத்தை முற்றுகையிட்டதே அன்றித் துறைமுகத்துக்குள் நுழையவில்லை. 1814-இல் வாஷிங்டன் எரிந்தது, நியூயார்க் தாக்கப்படவில்லை. கோட்டைகளைக் கண்டு பகைவர் தயங்கினார்களா, அவர்களுக்கு வேறு இலக்குகள் முக்கியமாகப் பட்டனவா என்பது வாதத்துக்குரியது. தடுத்து நிறுத்தும் நோக்கில் கட்டப்பட்ட எந்த அரணின் வெற்றியையும் மெய்ப்பிப்பது கடினம். போருக்குப்பின், நகரின் மேயராகவும் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்த டிவிட் கிளின்டனின் பெயர் கோட்டைக்குச் சூட்டப்பட்டது. அதற்குள் துறைமுகக் காவல் இன்னும் தெற்கே, நேரோஸ் என்ற குறுகிய கடல்வாயிலை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. பகைவனை நகரின் வாசற்படியில் நிறுத்துவதைவிடப் பல மைல் முன்னதாகவே மறிப்பதுதான் அறிவு என்று படைப் பொறியாளர்கள் முடிவுசெய்த அன்றே, இந்தக் கோட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. 1821-இல் படை வெளியேறியது. 1823-இல் கோட்டை நகராட்சியின் உடைமையாயிற்று.

குத்தகைக்கு விடப்பட்ட தோட்டம்

இடிக்கச் செலவாகும், விற்கவும் இயலாது என்ற நிலையில் இருந்த கட்டடத்தை நகராட்சி குத்தகைக்கு விட்டது. 1824 ஜூலை 3 அன்று அது கேசில் கார்டன் என்ற பெயரில் திறக்கப்பட்டது. மதிலின் மேல் உலாவ இடம், உள்ளே சிற்றுண்டி, இசை, வாணவேடிக்கை எனத் தொடங்கிய இந்த மன்றத்துக்குத் திறந்த ஆறே வாரத்தில் ஒரு பேறு வாய்த்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட், நாட்டின் அழைப்பை ஏற்று மீண்டும் வந்தபோது, ஆகஸ்ட் 16 அன்று இங்குதான் கரையிறங்கினார். அடுத்த மாதம் அவருக்கான பெருவிருந்தும் இதே முற்றத்தில் நடந்தது. நகருக்கு வரும் பெருமக்களை வரவேற்கும் வாசல் என்ற தகுதி அன்றுமுதல் இந்த இடத்துக்கு ஏற்பட்டது. 1851-இல் ஹங்கேரிய விடுதலைத் தலைவர் கொசூத் வந்தபோதும் இவ்விடமே அவரை வரவேற்றது.

1842-இல் சாமுவேல் மோர்ஸ் இங்கிருந்து கவர்னர்ஸ் தீவு வரை நீருக்கடியில் கம்பி போட்டுத் தந்திச் செய்தி அனுப்பிக் காட்ட முனைந்தார். கப்பல் ஒன்றின் நங்கூரத்தில் கம்பி சிக்கி அறுந்ததால் செயல்விளக்கம் பாதியில் நின்றது. அறிவியல் வரலாற்றில் அது ஒரு முக்கிய முயற்சி என்றாலும், குத்தகைதாரருக்கு அது இன்னொரு மாலை வேடிக்கையாகவே இருந்திருக்கும்.

1840களில் முற்றத்துக்கு மேல் கூரை போடப்பட்டது. கட்டட வரலாற்றின் கண்ணோட்டத்தில் இதுவே முதல் பெரிய திருப்பம். திறந்த கோட்டை அத்துடன் மூடிய அரங்கமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அமரும் வட்டக்கூடம் நகருக்குப் பெரிய செலவின்றிக் கிடைத்தது. 1850 செப்டம்பர் 11 அன்று சுவீடனின் புகழ்பெற்ற பாடகி ஜென்னி லிண்டின் முதல் அமெரிக்கக் கச்சேரி இங்கு நடந்தது. அதை ஏற்பாடு செய்த பி. டி. பார்னம் நுழைவுச்சீட்டுகளை ஏலத்தில் விட்டார். முதல் சீட்டை ஒரு தொப்பி வணிகர் 225 டாலருக்கு எடுத்தார். வணிகருக்கு விளம்பரம், பார்னத்துக்குப் பணம், பாடகிக்குப் புகழ் என்று எல்லாருக்கும் ஆதாயமாக முடிந்த அந்த ஏலம் முழு நாட்டிலும் பேசப்பட்டது. சுற்றிலும் நீர், நுழைய ஒரே பாதை, அதன் முனையில் ஒரே வாயில் என்ற அமைப்பு, கட்டணம் வாங்கி உள்ளே விடும் தொழிலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியதை இங்கே குறித்துக்கொள்ளவேண்டும். இதே அமைப்பு அடுத்து வந்த பணிக்கு இன்னும் ஆழமான காரணங்களுக்காகத் தேவைப்பட்டது.

எண்பது லட்சம் பேர் நுழைந்த வாயில்

1840களின் இறுதியில், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சமும் ஜெர்மானிய நாடுகளின் அரசியல் குழப்பமும் துரத்தியடித்த மக்கள் பெருந்திரளாக நியூயார்க் துறைகளில் வந்து இறங்கினார்கள். கப்பலிலிருந்து காலெடுத்து வைத்ததும் அவர்களைச் சூழ்ந்துகொண்டவர்கள் தரகர்கள். அவர்கள் சொந்த மொழியில் பேசி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, தாங்கள் கமிஷன் வாங்கும் விடுதிக்கு அழைத்துச் செல்வார்கள். செல்லாத ரயில் சீட்டுகளை விற்பதும், நாணய மாற்றில் ஏமாற்றுவதும், விடுதிக் கடனுக்காகப் பெட்டியைப் பறித்துக்கொள்வதும் அன்றாடம் நடந்தன. இதைத் தடுக்கவே 1847-இல் நியூயார்க் மாநிலம் குடியேற்ற ஆணையர் குழுவை அமைத்தது. ஐரிஷ் குடியேறிகள் சங்கத்தின் தலைவரும் ஜெர்மன் சங்கத்தின் தலைவரும் பதவிவழி அதில் இடம்பெற்றார்கள். ஏமாற்றப்படுபவர்களின் ஊரார் குழுவில் இருந்ததுதான், இந்த ஏற்பாடு காகிதத்தோடு நின்றுவிடாமல் இருந்ததற்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் நகரெங்கும் டஜன் கணக்கான துறைகளில் கப்பல்கள் இறங்கும்வரை எந்தக் காவலும் பயனளிக்கவில்லை. எல்லாரும் ஒரே இடத்தில் இறங்கவேண்டும், அந்த இடத்துக்குள் தரகர்கள் நுழையமுடியாதிருக்கவேண்டும் என்ற தீர்வுக்கு ஆணையர்கள் வந்தபோது, கேசில் கார்டன் அவர்கள் கண்ணில் பட்டது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் சொத்து உரிமையாளர்களும் நோய் பரவும் என்றும் மனைகளின் மதிப்பு விழும் என்றும் கடுமையாக எதிர்த்தார்கள். தொழில் போய்விடும் என்பதால் தரகர்களும் அவர்களோடு சேர்ந்து கூச்சலிட்டார்கள். எதிர்ப்பை மீறி 1855 ஆகஸ்ட் 1 அன்று குடியேறிகள் இறங்குதுறை திறக்கப்பட்டது. அமெரிக்காவில் குடியேறிகளைப் பெற்றுக்கொள்வதற்கென்றே அமைக்கப்பட்ட முதல் நிலையம் இதுதான்.

அங்கு நடந்த நடைமுறை எளிமையானது. ஸ்டேட்டன் தீவுக்கருகில் மருத்துவச் சோதனை முடிந்த கப்பலிலிருந்து பயணிகளும் மூட்டைகளும் படகுகளில் கோட்டைக்குக் கொண்டுவரப்படுவார்கள். நோயாளிகள் பிரிக்கப்பட்டு வார்ட்ஸ் தீவில் ஆணையர் குழு நடத்திய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்கள். மற்றவர்கள் ஜென்னி லிண்ட் பாடிய அதே வட்டக்கூடத்தில் வரிசையில் நின்று பெயரையும், ஊரையும், செல்லும் இடத்தையும் பதிவுசெய்வார்கள். ரயில் சீட்டு, நாணய மாற்று, குளியல், கடிதம் எழுதித் தருவோர், உறவினருக்குத் தகவல் அனுப்பும் வசதி, பின்னாளில் வேலை தேடித்தரும் பிரிவு என எல்லாம் மதிலுக்குள்ளேயே இருந்தன. உரிமம் பெற்ற விடுதிக்காரர்கள் மட்டும் உள்ளே வர அனுமதிக்கப்பட்டார்கள். பகைவரை வெளியே நிறுத்தக் கட்டிய மதில், முதன்முறையாக ஒரு பகையை மெய்யாகவே வெளியே நிறுத்தியது. அந்தப் பகைவர்கள் கடல்வழியாக வராமல் நகரத் தெருக்களின் பக்கமிருந்து வந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

ஏற்பாட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. உள்ளே கடைவிரிக்க உரிமை பெற்ற ரயில் நிறுவனங்களும் நாணய மாற்றுக்காரர்களும் போட்டியின்றி இலாபம் பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஆண்டுக்கு ஆண்டு வலுத்தது. 1876 ஜூலையில் ஏற்பட்ட தீ உட்கட்டடத்தை அழித்தது. மதில் தப்பியது, உள்ளே மீண்டும் கட்டினார்கள். அந்த ஆண்டின் இன்னொரு அடி தீயைவிடப் பெரியது. கப்பல் நிறுவனங்களிடமிருந்து தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் வாங்கிவந்த தொகை, நாடுகளுக்கிடையிலான வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் நடுவண் அதிகாரத்தில் தலையிடுவதாகச் சொல்லி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இறங்குதுறையின் வருவாய்க்கு இருந்த அடிப்படையே இத்துடன் போயிற்று. 1882-இன் குடியேற்றச் சட்டம், தலைக்கு 50 சென்ட் வரியை நடுவண் அரசின் பெயரால் விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு மாநில அமைப்புகள் ஒப்பந்த அடிப்படையில் பணியைத் தொடர வழிசெய்தது. எட்டாண்டுகளில் அந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. 1890 ஏப்ரல் 18 அன்று கேசில் கார்டனின் குடியேற்றப் பணி நின்றது. தற்காலிகமாகப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் நடந்த வேலை, 1892 ஜனவரி 1 முதல் எல்லிஸ் தீவுக்குச் சென்றது. வில்லியம்ஸ் தொகுதியின் இன்னொரு கோட்டை இருந்த தீவு அது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் பீரங்கிக்குத் தோதாக இருந்த இடங்கள், நகரிலிருந்து பிரிக்கப்பட்டும் நகருக்கு அருகிலும் இருந்ததாலேயே மனிதர்களைச் சோதித்து உள்ளே விடுவதற்கும் தோதாக அமைந்தன.

முப்பத்தைந்து ஆண்டுகளில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு வாயில் வழியே நாட்டுக்குள் சென்றார்கள். 1884-இல் மின்பொறியாளர் நிகோலா டெஸ்லாவும் 1885-இல் அரசின்மைவாதி எம்மா கோல்ட்மனும் அவ்வாறு வந்தவர்களே. அறுபத்திரண்டு ஆண்டுகள் இயங்கிய எல்லிஸ் தீவின் கணக்கு ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மக்கள் நினைவில் எல்லிஸ் தீவு மட்டும் ஓங்கி நிற்பதற்குக் கூட்டத்தின் அளவு காரணமில்லை என்பது தெரியும். எல்லிஸ் தீவில் கூடங்கள் எஞ்சின. கேசில் கார்டனில் ஒரு மேசைகூட எஞ்சவில்லை. அதன் நிர்வாகப் பதிவேடுகளும் எல்லிஸ் தீவுக்கு மாற்றப்பட்டு, 1897 ஜூனில் அங்கே மரக்கட்டடங்களை விழுங்கிய தீயில் எரிந்தன.

தொட்டிகளும் கூட்டமும்

1850களில் தொடங்கிய மண் நிரப்பும் வேலை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோட்டைக்கும் கரைக்கும் இடையிலிருந்த நீரை முழுதும் மூடிவிட்டது. எனவே 1890-இல் நகரின் கைக்கு மீண்டும் வந்தபோது அது தீவாக இல்லை. பூங்காவின் நடுவில் இருந்த ஒரு பெரிய வட்டக் கட்டடம், அவ்வளவே. ஒதுங்கி நிற்பதால் கிடைத்த ஆதாயங்கள் அத்தனையும் போய்விட்ட நிலையில், எல்லாரும் எளிதில் நடந்து வரக்கூடிய இடம் என்ற புதிய ஆதாயத்தை மீன் காட்சியகம் பயன்படுத்திக்கொண்டது.

மெக்கிம், மீட் அண்டு வைட் என்ற புகழ்பெற்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில் மாற்றியமைக்கப்பட்டு, 1896 டிசம்பர் 10 அன்று நியூயார்க் மீன் காட்சியகம் இங்கு திறக்கப்பட்டது. நடுவில் பெரிய வட்டத் தொட்டி, சுற்றிலும் சிறு தொட்டிகள், பழைய மதிலை ஒட்டி வளைவாகக் கண்ணாடிப் பெட்டிகள் என்ற அமைப்பில், வருகிறவர் வழிதவறாமல் ஒரு சுற்று வந்து வாயிலுக்கே திரும்பிவிடுவார். 1902 முதல் நிர்வாகம் நியூயார்க் விலங்கியல் கழகத்திடம் இருந்தது. நுழைவு இலவசம். ஆண்டுக்குச் சுமார் இருபது லட்சம் பேர் வந்தார்கள். கிழக்குப் பக்கக் குடிசைப்பகுதிகளில் வாழ்ந்த குடியேறிக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை செலவில்லாமல் போய்வர இருந்த இடங்களில் இதுவும் ஒன்று. அவர்களில் பலருடைய பெற்றோர் இதே கூடத்தில் மூட்டையோடு வரிசையில் நின்றவர்களாக இருந்திருப்பார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் நீடித்த இந்தப் பயன்தான், அதுவரை இக்கட்டடத்துக்குக் கிடைத்தவற்றில் நெடியது. அதைப் பற்றி ஏட்டில் எழுத அதிகம் இல்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் பொது நிறுவனத்துக்கு வரலாறு குறைவு.

இடிப்புக்கான வழக்கு

1939-இல் நகரின் பூங்கா ஆணையரும் பாலக் கழகத்தின் தலைவருமான ராபர்ட் மோசஸ், பேட்டரி முனையிலிருந்து புரூக்ளினுக்கு ஒரு பெரும் தொங்குபாலம் கட்ட முனைந்தார். பூங்காவையும் துறைமுகக் காட்சியையும் அதன் ஏறுபாதைகள் கெடுத்துவிடும் என்று நகரின் செல்வாக்குள்ளவர்கள் எதிர்த்தார்கள். அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் தன் பத்திரிகைப் பத்தியில் ஐயம் எழுப்பினார். போர்க்காலத்தில் பாலம் தகர்க்கப்பட்டால் புரூக்ளின் கடற்படைத் தளத்துக்கான நீர்வழி அடைபடும் என்ற காரணத்தைச் சொல்லிப் போர்த்துறைச் செயலர் ஹாரி உட்ரிங் அனுமதி மறுத்தார். கடற்படைத் தளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஏற்கெனவே இரண்டு பாலங்கள் நின்றுகொண்டிருந்ததை நோக்கினால், சொல்லப்பட்ட காரணம் எவ்வளவு மெலிந்தது என்பது விளங்கும். பாலத்துக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை என்று முடிவாயிற்று.

1941-இல் மோசஸ், சுரங்கப்பாதை வேலையால் கோட்டையின் அடித்தளம் ஆட்டம் காணும் என்று கூறி, மீன் காட்சியகத்தை மூடி முழுக் கட்டடத்தையும் இடிக்கப்போவதாக அறிவித்தார். அந்த அச்சத்துக்குப் பொறியியல் அடிப்படை இல்லை என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். பாலம் கைநழுவியதற்காக, அதை எதிர்த்தவர்கள் மதித்த கட்டடத்தின் மீது அவர் கைவைக்கிறார் என்ற பேச்சு அப்போதே பரவியது. அவருடைய உள்நோக்கம் எதுவாயினும், முறை தெளிவாகத் தெரிகிறது: முதலில் பயனை நிறுத்துவது, பிறகு பயனில்லாத கட்டடம் என்று காட்டுவது. காட்சியகம் மூடப்பட்டு, மீன்கள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டு, பூங்கா வேலியடைக்கப்பட்டதும், ஆண்டுக்கு இருபது லட்சம் பேரின் ஆதரவு பெற்றிருந்த இடம் ஒரே பருவத்தில் ஆதரவற்றதாயிற்று. கூரையும், பின்னாளில் சேர்த்த மேல்தளங்களும், உட்கட்டுமானமும் இடிக்கப்பட்டன. எட்டடிக் கல்மதில் நின்றது.

அதை நிற்கவைத்தவர்களில் இருவரைக் குறிப்பிடவேண்டும். ஒருவர் நகர நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்த ஜார்ஜ் மெக்கனெனி. மற்றவர் வழக்கறிஞர் ஆல்பர்ட் பார்ட். நகர அவை இடிப்புக்கு வாக்களித்த போதெல்லாம் அவர்களும் அவர்களுடைய சங்கங்களும் நீதிமன்றம் சென்று காலத்தை இழுத்தார்கள். அந்நாளில் தனியார் கட்டடமோ நகராட்சிக் கட்டடமோ வரலாற்றுச் சிறப்புடையது என்ற காரணத்துக்காக மட்டும் இடிப்பைத் தடுக்க நியூயார்க்கில் சட்டம் கிடையாது. ஆகவே வழக்குகளால் வெல்லமுடியாது, தாமதப்படுத்தவே முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெல்லும் வழி உடைமையை மாற்றுவதில் இருந்தது. நகரிடம் இருக்கும்வரை மோசஸின் கை ஓங்கியிருக்கும். நடுவண் அரசிடம் போய்விட்டால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. போர் வந்ததால் ஆளும் பொருளும் கிடைக்காமல் இடிப்பு வேலை தேங்கியதும் அவர்களுக்கு உதவியது. 1946 ஆகஸ்ட் 12 அன்று, கோட்டையைத் தேசிய நினைவுச்சின்னமாக ஏற்கும் சட்டம் நிறைவேறியது. அதன்பிறகும் நகரம் ஒப்படைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. 1950 ஜூலை 18 அன்றுதான் உரிமை கைமாறியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதத்தில், சுரங்கப்பாதை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டிருந்தது. இடிக்கக் காரணமாகச் சொல்லப்பட்ட வேலை முடிந்துவிட்டது. கோட்டை ஆட்டம் காணவில்லை.

இந்த வழக்கின் பயன் கோட்டையோடு நிற்கவில்லை. ஊர்களும் நகரங்களும் அழகும் வரலாறும் கொண்ட இடங்களைக் காக்க விதிகள் இயற்றலாம் என்று அதிகாரம் தரும் மாநிலச் சட்டத்தை பார்ட் தொடர்ந்து வலியுறுத்தினார். அது 1956-இல் அவர் பெயராலேயே அறியப்படும் சட்டமாக நிறைவேறியது. 1965-இல் நியூயார்க் நகரம் இயற்றிய நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் அந்த அதிகாரத்தின் மேல் எழுந்தது. அதே ஆண்டு கேசில் கிளின்டன் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

எந்த ஆண்டுக்கு மீட்டெடுப்பது

உடைமை பெற்ற தேசியப் பூங்காப் பணித்துறையின் முன் இருந்தது ஒரு வெற்று வளையம். பணம் உடனே கிடைக்கவில்லை. அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு நெருங்கியபோதுதான் வேலை முடிந்து, 1975-இல் கோட்டை மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1941 முதல் 1975 வரை மூடிக் கிடந்த முப்பத்துநான்கு ஆண்டுகள், அது கோட்டையாக இருந்த காலத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

மீட்டெடுப்பில் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது பீரங்கிகள் இருந்த தொடக்கக்காலத் தோற்றம். இதற்கு நடைமுறை நியாயம் உண்டு. எஞ்சியிருந்தது படைக்காலத்து மதில் மட்டுமே. அரங்கத்தையோ, இறங்குதுறையையோ, காட்சியகத்தையோ மீண்டும் கட்டுவதென்றால் புதிதாகவே கட்டவேண்டும், அது மீட்பு ஆகாது. ஆயினும் உள்ளே வருகிறவர் பீரங்கித் துளைகளைக் கண்டு, இது போரிட்ட கோட்டை என்ற எண்ணத்தோடு திரும்பும் வாய்ப்பே அதிகம். எண்பது லட்சம் பேரின் வருகையையும் நாற்பத்தைந்து ஆண்டு மீன் காட்சியகத்தையும் சிறு காட்சியறையில் வைத்துள்ள மாதிரி வடிவங்கள்தான் சொல்கின்றன. சீட்டு வாங்கும் அவசரத்தில் இருப்பவர்கள் அந்த அறைக்குள் செல்வதில்லை. எஞ்சியது எதுவோ அதையே முக்கியமானதாகக் காட்டும் இந்தச் சாய்வு கேசில் கிளின்டனுக்கு மட்டும் உரியதன்று. கல் நிற்கும், மரமும் காகிதமும் எரியும் என்பதால், பெரும்பாலான கோட்டைகளில் காவலர்களின் வரலாறு வாசிக்கக் கிடைக்கிறது, உள்ளே வந்துபோனவர்களின் வரலாறு கிடைப்பதில்லை.

1986-இல், சுதந்திர தேவி சிலையின் நூறாம் ஆண்டில், படகுப் பயணச்சீட்டு விற்பனை முற்றத்துக்குள் வந்தது. அதிலிருந்து இது நாட்டின் மிக அதிகம் பேர் நுழையும் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் வேறிடத்துக்குப் போகும் வழியில் வந்தவர்கள். பாதுகாப்பு ஆர்வலர்கள் சிலர் இதை இழிவாகக் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும் சிலை, வில்லியம்ஸ் தொகுதியின் இன்னொரு கோட்டையான ஃபோர்ட் வுட்டின் நட்சத்திர மதிலுக்குள் நிற்கிறது. படகு அடுத்து செல்லும் எல்லிஸ் தீவும் அதே தொகுதியைச் சேர்ந்தது. துறைமுகத்தைக் காக்க ஒன்றாகத் திட்டமிடப்பட்ட அரண்களை இப்போது ஒரே படகுச்சீட்டு இணைக்கிறது. கோடைக்காலங்களில் முற்றத்தில் இசைக் கச்சேரிகளும் நடந்திருக்கின்றன. பயனோடு இருந்தபோது இந்தக் கட்டடத்தை இடிக்க யாரும் முன்வரவில்லை என்பது, இதுவரை பார்த்த வரலாறு தரும் மிகத் தெளிவான சான்று.

பாதுகாப்புக்கு இப்போது உள்ள அறைகூவல் நீரிடமிருந்து வருகிறது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் கொண்டுவந்த நீர், பேட்டரியின் அளவுகோலில் சுமார் 14 அடியைத் தொட்டது. பூங்காவின் தாழ்வான பகுதிகளோடு கோட்டையும் வெள்ளத்தைக் கண்டது. பூங்காவின் கரையோர நடைபாதையை உயர்த்திக் கட்டும் வேலையை நகரம் தொடங்கியிருக்கிறது. கரை உயரும்போது கோட்டை பள்ளத்தில் நிற்பதுபோலத் தோன்றும் இடரும், மழைநீர் உள்ளே தேங்கும் இடரும் உண்டு என்பதால், வடிகாலைக் கரை வேலையோடு சேர்த்தே திட்டமிடுவது நல்லது.

அந்த வேலைக்காக முற்றத்தின் தரையைத் திறக்க நேர்ந்தால், மதிலைத் தொடாமல் செய்யக்கூடிய ஒரு சிறு திருத்தத்தையும் அப்போதே செய்துவிடலாம். காட்சியகத்தின் நடுத்தொட்டி இருந்த வட்டத்தையும், குடியேறிகள் பெயர் பதிந்த கூடத்தின் எல்லையையும், அரங்கத்தின் மேடை நின்ற இடத்தையும் வெவ்வேறு நிறக் கற்களால் தரையில் குறித்தால், காட்சியறைக்குள் நுழையாதவர்களும் சீட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே அவற்றைப் படித்துக்கொள்வார்கள்.